காலிப் பீடமும் கேலிச் சிலையும்

பெங்களூரில் வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவர் கேட்டிருப்பது இது. தங்கள் லேஅவுட் பூங்காவின் நடுவே பல ஆண்டுகளாக ஒரு கருங்கல் பீடம் காலியாக நிற்கிறது. யாருடைய மார்பளவுச் சிலையை அதன்மேல் வைப்பது என்பதில் குடியிருப்போர் சங்கத்துக்குள் இன்றுவரை உடன்பாடு ஏற்படவில்லை. வேடிக்கையான சிற்பம் ஒன்றை வைத்துப் பிரச்சினையை முடித்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்ல, அது சிலை வைக்கும் மரபையே கேவலப்படுத்துவதாகும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். நினைவுச் சின்னங்களின் மரபோடு விளையாடும் சிற்பங்கள் பொது இடங்களில் உண்டா, அவற்றைக் கலை என்று கொள்ளலாமா, தாங்கள் எதைத்தான் வைப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

உண்டு. கலைதான். மூன்றாவது கேள்விக்கு வருவதற்கு முன், அப்படிப்பட்ட சிற்பத்தின் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதி, பீடம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாதரஹள்ளி வகைக் கருங்கல், மூன்று படிகள், அவற்றின்மேல் சதுரத் தூண், உச்சியில் துருவேறிய நான்கு போல்ட்டுகள். முகப்பில், பெயர் பொறிப்பதற்காக உளியால் சமன்செய்து மழமழப்பாக்கிய ஒரு கட்டம், எழுத்தே இல்லாமல். கீழ்ப்படியில் யாரோ ஒரு முழம் சாமந்திச் சரத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே ஆள் இல்லை. யாருக்கு அந்தப் பூ என்று வைத்தவருக்கே தெரிந்திருக்காது. ஆனாலும் வைக்கத் தோன்றியிருக்கிறது. சிற்ப வரலாற்றைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசி விளக்கியதை அந்த ஒரு முழம் பூ விளக்கிவிட்டது. நினைவுச் சின்னத்தில் மரியாதையை உண்டாக்குவது முதலில் பீடம்தான், உருவம் அதற்குப் பிறகே. தரையிலிருந்து நாலரை அடி உயர்த்தி வைத்த எதையும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அண்ணாந்து பார்த்ததும் அது பெரிது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

மரபோடு விளையாடும் சிற்பம் இந்தப் பழக்கத்தை மூலதனமாக வைத்துத்தான் பிழைக்கிறது. பீடம், குதிரை, வெண்கலம், கல்வெட்டு, தூரத்தை நோக்கும் பார்வை என்று நினைவுச் சின்னத்தின் இலக்கணம் முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடுகிறது. இலக்கணம் பிசகாமல் இருந்தால்தான் மாறிய சொல் சிரிப்பை வரவழைக்கும். தொழில்நுட்பப் பூங்காக்களின் வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்கும் ஃபைபர் மாடு, ஊர்ப் பெயரோடு சிவப்பு இதயம் சேர்த்து எழுதி வைத்திருக்கும் செல்ஃபி எழுத்துகள் போன்றவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவை வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் எதனோடும் விளையாடவில்லை. வெறுமனே பல்லைக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

இந்த வகையில் மிகப் புகழ்பெற்றதைச் செய்தவர் சிற்பியே அல்லர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், இன்று நவீனக் கலைக்கூடமாக இருக்கும் கட்டடத்தின் முன்னால், வெலிங்டன் பிரபு குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை ஒன்று உண்டு. 1844இல் நிறுவப்பட்டது. 1980களில் தொடங்கி, இரவில் யாரோ அதன்மேல் ஏறிப் பிரபுவின் தலையில் சாலைப் பணிகளுக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு ஒன்றைக் கவிழ்த்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. நகராட்சி எடுக்கும், மறுபடியும் வந்துவிடும். 2013இல் 65,000 பவுண்டு செலவில் பீடத்தை இருமடங்கு உயர்த்தி இதற்கு முடிவுகட்ட நகராட்சி திட்டமிட்டபோது, ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. 2023இல் அந்தக் கலைக்கூடத்தில் கண்காட்சி நடத்திய தெருவோவியர் பேங்க்ஸி, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கே கூம்புதான் காரணம் என்றார்.

கூம்பு ஏன் இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பது யோசிக்கத் தக்கது. அது கிரீடம் போலவும் இருக்கிறது, கோமாளிக் குல்லாய் போலவும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பிரபுவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தலையில் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் அதே கம்பீரத்தோடு எதிரிப்படையை நோக்கிக்கொண்டிருக்கிறார். தான் சிரிக்காமல் நகைச்சுவை சொல்பவரிடம்தான் நாம் அதிகம் சிரிக்கிறோம் என்பது மேடைப் பேச்சாளர்கள் அறிந்த இரகசியம். வெண்கலம் ஒருபோதும் சிரிக்காது.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். இந்த வெலிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரோடு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்து, திப்பு வீழ்ந்தபின் அந்நகரின் பொறுப்பை ஏற்றவர். சிலையை வார்த்தவரோ இத்தாலியில் பிறந்த மாரோக்கெட்டி. அதே மாரோக்கெட்டிதான் நம் மார்க் கப்பனையும் குதிரைமேல் ஏற்றியவர். மைசூர் ஆணையராக 1834 முதல் 1861 வரை இருந்த கப்பனின் அந்தச் சிலை 1866இல் நிறுவப்பட்டு, நெடுங்காலம் உயர்நீதிமன்றத்தின் முன்னால் நின்று, 2020இல் கப்பன் பூங்காவுக்குள் மாற்றப்பட்டது. ஒரே கையிலிருந்து வந்த இரண்டு குதிரைவீரர்கள்: கிளாஸ்கோவில் இருப்பவரைப் பார்க்க உலகமே வருகிறது, இங்கே இருப்பவரை நடைப்பயிற்சிக்கு வருபவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு பிளாஸ்டிக் கூம்பு.

உங்கள் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் லண்டனில் இருக்கிறது. டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்கு மூலைகளில் நான்கு பீடங்கள். ஒன்றில் நான்காம் ஜார்ஜ் மன்னர். இரண்டில் சிந்துவைப் பிடித்த நேப்பியரும் 1857இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் படை நடத்திய ஹேவ்லாக்கும். 1841இல் கட்டிய நான்காவதில் நான்காம் வில்லியம் குதிரையோடு ஏறவேண்டியது, பணம் போதாததால் ஏறவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காலியாகவே கிடந்தது. அப்புறம் யாரை ஏற்றுவது என்று அவர்களுக்குள்ளும் வாதம்தான். கடைசியில் 1999இலிருந்து, நிரந்தரமாக யாரையும் ஏற்றாமல், சில காலம் இருந்துவிட்டு இறங்கிவிடும் சிற்பங்களுக்கு அதை ஒதுக்கினார்கள். சங்கச் சண்டைக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான தீர்ப்பை நான் கண்டதில்லை.

2001இல் ரேச்சல் வைட்ரீட் என்ற சிற்பி, அந்தப் பீடத்தின் அதே அளவில் ஒளி ஊடுருவும் செயற்கைப் பிசினால் (ரெசின்) இன்னொரு பீடத்தை வார்த்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மேலே வைத்தார். பதினொரு டன் எடை. கல்லால் ஆன பீடத்தின்மேல் பளிங்குத் தண்ணீர் போல அதன் பிம்பமே நிற்கிறது. பெயர் ‘நினைவுச் சின்னம்’. யாருக்கு என்று கேட்டால் பீடத்துக்குத்தான். 2012இல் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரட்டையர், மன்னரும் குதிரையும் வரவேண்டிய இடத்தில் ஆடுகுதிரைமேல் கையை உயர்த்தி உற்சாகமாக ஆடும் ஒரு சிறுவனை வெண்கலத்தில் ஏற்றினார்கள். குதிரைச் சிலைக்கான பீடம், குதிரை வந்துவிட்டது, வாக்குத் தவறவில்லை. அடுத்த ஆண்டு ஜெர்மானியச் சிற்பி கத்தரீனா ஃப்ரிட்ச் வைத்தது, கண்ணைப் பறிக்கும் நீலத்தில் 4.72 மீட்டர் உயரச் சேவல். சதுக்கமோ பிரெஞ்சுக் கடற்படையை வென்றதன் நினைவாக உண்டானது; சேவலோ பிரான்சு நாட்டின் அடையாளம். அந்தப் போரை வென்ற தளபதி நெல்சன் தன் தூணின் உச்சியில் நின்றுகொண்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

2015இல் ஹான்ஸ் ஹாக்கே வைத்ததைத்தான் நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிப்பேன். குதிரையின் எலும்புக்கூடு, மேலே ஆள் இல்லை, முன்னங்காலில் பரிசுப் பொட்டலத்துக்குக் கட்டுவது போல ஒரு முடிச்சு நாடா, அதில் லண்டன் பங்குச்சந்தையின் விலைகள் அந்தந்த நேரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெயர், ‘பரிசுக் குதிரை’. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர்கள் குதிரையை வைத்துச் சொல்வார்கள். இந்தக் குதிரைக்கோ பல்லைத் தவிர வேறு எதுவுமே மிச்சமில்லை. மன்னர்கள் போய்விட்டார்கள், சவாரி செய்பவர் யார் என்பதை நாடா சொல்கிறது. சிரித்துவிட்டு இரண்டடி நடந்த பிறகுதான் குத்தும்.

இதே சதுக்கத்தில் மூலையில் நிற்கும் நான்காம் ஜார்ஜைச் சென்னைக்காரர்கள் ஒருமுறை கவனித்துப் பார்க்க வேண்டும். அவர் குதிரையில் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. வடித்தவர் சாண்ட்ரி, சென்னைத் தீவுத்திடல் அருகே 1839 முதல் நிற்கும் தாமஸ் மன்றோவும் அவர் கைவேலைதான், அதிலும் சேணமும் அங்கவடியும் கிடையாது. சிற்பி மறந்துவிட்டார் என்று நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லிச் சிரித்துவந்திருக்கிறோம். ஒருவரே இரண்டு குதிரைகளிலும் மறப்பாரா? பழங்கால ரோமானியப் பாணியில் வேண்டுமென்றே விட்டது அது. ஆனால் கதை சிலையைவிடப் பிடித்துப்போய்விட்டது. நினைவுச் சின்னத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் ஆசைதான் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பிராக் நகரத்துக்காரர் டேவிட் செர்னியின் விளையாட்டு இன்னும் முரட்டுத்தனமானது. செக் நாட்டவரின் காவல் புனிதர் வென்சஸ்லாஸ், குதிரைமேல் ஈட்டியோடு நிற்கும் சிலை அந்நகரின் பிரதான சதுக்கத்தில் இருக்கிறது. 1999இல் செர்னி அதே புனிதரை அதே தோரணையில் செய்து, குதிரையை மட்டும் செத்ததாக்கி, கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார். புனிதர் அதன் வயிற்றின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். உண்மைச் சிலையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் லூசெர்னா என்னும் வணிக வளாகத்தின் கூரையிலிருந்து அது இன்றும் தொங்குகிறது. இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், மாணவராக இருந்தபோது, சோவியத் படைகளின் நினைவாகப் பீடத்தில் ஏற்றியிருந்த டாங்கி ஒன்றுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்துக் கைதானவர் அவர். அரசு மறுபடி பச்சை அடித்தது. சட்டப் பாதுகாப்பு பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தாங்களே தூரிகையோடு போய் மறுபடி இளஞ்சிவப்பு அடித்தார்கள். அந்த டாங்கி இன்று இராணுவ அருங்காட்சியகத்தில், இளஞ்சிவப்பாகவே இருக்கிறது.

கிழக்கு ஐரோப்பாவில் இந்த வகை அதிகம் விளைந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பீடங்கள் எல்லாம் ஒரே கட்சியின் கையில் இருந்தன. லித்துவேனியாவின் தலைநகர் வில்னியசில் 1995இல் ஃப்ராங்க் ஸாப்பா என்ற அமெரிக்க ராக் இசைக்கலைஞருக்கு மார்பளவு வெண்கலச் சிலை வைத்தார்கள். அவருக்கும் அந்த நாட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; அவர் அங்கே கால் வைத்ததுகூட இல்லை. செய்தவர் போக்தானாஸ் என்ற மூத்த சிற்பி, சோவியத் காலத்தில் லெனின் சிலைகளைச் செய்து பழகிய கை. அந்தக் கைப்பழக்கமே இங்கே நகைச்சுவை. போஸ்னியாவின் மோஸ்டார் நகரில் 2005இல் வைத்த புரூஸ் லீ சிலையும் இந்த இனம்தான்: போரில் பிளவுபட்ட ஊரில் இரு தரப்பும் மறுக்க முடியாத வீரர் அவர் ஒருவரே என்று கண்டு, எந்தத் தரப்பையும் நோக்கி அடிக்க ஓங்கியதாகத் தோன்றக் கூடாது என்று வடக்கு நோக்கி நிறுத்தினார்கள். உங்கள் சங்கத்தார் இதை ஒருமுறை படிப்பது நல்லது.

அமெரிக்கச் சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க், பிலடெல்பியா நகராட்சி மாளிகைக்கு எதிரே 1976இல் 45 அடி உயரத் துணிக்கிளிப்பை நட்டார். நாடு விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு என்பதால் அதன் ஸ்பிரிங் 76 என்ற எண் போல வளைந்திருக்கும். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில், சவக்குழி தோண்டும் தொழிலாளர்களை அழைத்து வந்து ஆறடிப் பள்ளம் ஒன்றைத் தோண்டவைத்து, உடனே மூடவும் செய்து, அதுவே நகரத்துக்கான நினைவுச் சின்னம் என்றார். பீடத்தை நேர்மாறாகத் திருப்பினால் பள்ளம். பெங்களூரில் வசிக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி பெரியவர்களின் ஆட்சேபம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் நாட்டில் சிலை என்பது விக்கிரகத்தின் தம்பி. மாலை போடுகிறோம், பிறந்தநாளில் பால்கூட ஊற்றுகிறோம். சிலையைச் சீண்டுவது என்றால் நமக்கு நினைவுக்கு வருவது 1890களில் சாபேகர் சகோதரர்கள் பம்பாயில் விக்டோரியா சிலைக்குத் தார் பூசிச் செருப்பு மாலை போட்டதைப் போன்ற காரியம்தான். அதில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது, கேலி இல்லை. இன்று அதே செருப்பு மாலை ஊர்க்கலவரத்தில் முடிகிறது. தமிழ்நாட்டில் தலைவர்கள் இரும்புக் கூண்டுக்குள் நிற்பது அதனால்தான். கூண்டு ஊரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் சிலையோடு விளையாடலாம் என்றால் பயப்படத்தான் செய்வார்கள்.

ஆனால் கேலி நம் மரபுக்குப் புறம்பானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் அந்தப் பெரும்பாறையின் கீழ்ப்பகுதியை, யானைகளுக்கு அருகில், பொறுமையாகப் பாருங்கள். மேலே விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நின்று, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறார் முனிவர். கீழே அதே தோரணையில் ஒரு பூனை. ஒட்டிய வயிறு, தூக்கிய முன்னங்கால்கள், தவத்துக்கு ஒரு குறையும் இல்லை. சுற்றிலும் எலிகள் பயமின்றி நடமாடுகின்றன. நாம் ருத்திராட்சப் பூனை என்று திட்டுகிறோமே, அது ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பியின் கையில் கல்லாகிவிட்டது. கவனிக்க வேண்டியது அதன் இடம். ஏறத்தாழ நூறடி அகலத்தில் தேவர்களும் கந்தர்வர்களும் திரண்டு வணங்கும் அரச நினைவுச் சின்னத்துக்கு உள்ளேயே, அதன் மையக் காட்சியையே நையாண்டி செய்யும் உருவம், மன்னரின் செலவில் செதுக்கப்பட்டிருக்கிறது. தாராசுரத்தில் ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தில் இருப்பது சிற்பியின் சாமர்த்தியம். பூனையில் இருப்பது சிற்பியின் துணிச்சல். அந்தப் பூனையால் முனிவரின் தவம் குறைந்ததாக ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் யாரும் முறையிட்டதில்லை.

நம் காலத்தில் இதற்கு மிக அருகில் வருபவர், மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சாமானியர். 1951 முதல் நாளிதழின் மூலையில் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கட்டம் போட்ட கோட்டுக்காரருக்கு 2001இல் புனேயில் சிலை வைத்தார்கள். பின்னர் மும்பை வொர்லிக் கடற்கரைச் சாலையிலும் வைத்தார்கள். எதையும் சாதிக்காதவர், எதையும் வெல்லாதவர், வாயே திறக்காதவர், அவருக்கு வெண்கலம். மாலை போட ஒரு கட்சியும் இல்லை, உடைக்க ஒரு கட்சியும் இல்லை.

பெங்களூரில் நடந்ததோ வேறு வகை. 2015இல் சுல்தான்பாளையத்தின் பிரதான சாலையில், நீர்க்குழாய் உடைந்து தேங்கிக் கிடந்த ஒரு பெரும்பள்ளத்தில், ஓவியர் பாதல் நஞ்சுண்டசுவாமி 20 கிலோ எடையுள்ள ஃபைபர் முதலையை இறக்கிவிட்டார். சுற்றிலும் பாசிப்பச்சை வண்ணம். குழந்தைகள் வேடிக்கை பார்த்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள், அதுவரை வராத மாநகராட்சி ஆட்களும் வந்து பள்ளத்தை அடைத்தார்கள். 2019இல், சந்திரயான் இரண்டு நிலவில் இறங்கவிருந்த வாரத்தில், விண்வெளி உடையணிந்த ஒருவரை மேடும் பள்ளமுமான சாலையில் மெல்ல நடக்கவிட்டு அவர் எடுத்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓல்டன்பர்க்கின் பள்ளத்தை நம் மாநகராட்சி இலவசமாகத் தோண்டிக் கொடுத்துவிடுகிறது. சிற்பி முதலையோடு வந்தால் போதும். இந்தக் கேலியின் சிறப்பு, எந்தப் பெரியவரின் மேலும் அது விழவில்லை என்பது. பொது இடத்தில் நிரந்தரமாக எதையும் நிறுவவில்லை என்பதால் அனுமதிச் சிக்கலும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அனுமதி என்றதும் அல்சூர்க்காரனான எனக்கு ஒரு சிலை நினைவுக்கு வராமல் இருக்காது. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைக்கப்பட்ட திருவள்ளுவர், 2009 ஆகஸ்டு 9 வரை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியபடியே நின்றார். சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறப்பது என்று முடிவானபின்தான் இவரும் வெளிச்சத்தைப் பார்த்தார். அதை யாரும் கேலியாகச் செய்யவில்லை, எங்களுக்கு அது வேதனை. இருந்தாலும் சாயங்கால நடையில் அந்த மூட்டையைச் சுட்டிக்காட்டி, அங்கே யார் என்று கேட்கும் வெளியூர் விருந்தாளிக்குப் பதில் சொல்லும்போது எங்கள் வாயோரத்தில் சிரிப்பு வந்ததையும் மறைக்க முடியாது. எந்தச் சிற்பியும் திட்டமிட்டு அப்படி ஒன்றைச் செய்திருக்க முடியாது.

உங்கள் பீடத்துக்கு வருவோம். பூங்கா மாநகராட்சிக்குச் சொந்தமானதா, லேஅவுட்டுக்குச் சொந்தமானதா என்பதை முதலில் எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று உச்சநீதிமன்றம் 2013 ஜனவரியில் மாநிலங்களுக்கு ஆணையிட்டிருக்கிறது. பூங்காவின் உட்புறம் வேறு விஷயம் என்றாலும் வேலிக்கு வெளியே ஓர் அங்குலம்கூட நீட்டாதீர்கள்.

அவசரப்பட்டு எதையும் செய்யக் கொடுக்க வேண்டாம். லண்டன் பீடத்தில் 2009இல் ஆண்டனி கோர்ம்லி நூறு நாட்கள், ஒருவருக்கு ஒரு மணி நேரம் என்று 2,400 பொதுமக்களை ஏற்றி நிற்கவைத்தார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அதைச் செய்யலாம். போல்ட்டுகளை மூடும்படி ஒரு மரப்பலகை மேடை, பின்புறம் கைப்பிடியோடு ஏணி, மூன்று பக்கம் இடுப்புயரக் கம்பி. செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆட்சேபிக்கும் பெரியவரையே முதல் ஞாயிறு ஏற்றுங்கள். மேலே நின்று பார்த்தபின் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

நிரந்தரமாக ஒன்று வேண்டும் என்று பிறகும் தோன்றினால், என் யோசனை வால்வுக்காரர். விடியற்காலையில் சைக்கிளில் வந்து, ஆளுயர இரும்புச் சாவியைத் தெருவோரக் குழிக்குள் விட்டுத் திருகித் தண்ணீர் திறந்துவிடுகிறாரே, அவர். ஊரை நிறுவிய கெம்பேகவுடர் விமான நிலையத்தில் 108 அடி உயரத்தில் வாள் ஏந்தி நிற்கும் ஊரில், இவர் அந்தச் சாவியை வாள் போல ஊன்றிக்கொண்டு, கண்ணைத் தூரத்தில் பதித்து நிற்கட்டும். கேலி அவர்மேல் விழாது, வாள்மேல்தான் விழும். ஆனால் ஒன்று: முகத்தில் சிரிப்போ, உடம்பில் கார்ட்டூன் வீக்கமோ கூடவே கூடாது. தேர்ந்த சிற்பியிடம் கொடுத்து, தலைவர்களுக்குச் செய்யும் அதே கவனத்தோடு வெண்கலத்தில் வார்க்கச் சொல்லுங்கள். காசு போதாது என்று ஃபைபரில் செய்து வெண்கல வண்ணம் அடித்தால், வெயிலில் பிசின் பொடிந்து சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். அப்போது சிலை அல்ல, சங்கம்தான் கேலிக்கு உள்ளாகும். பழைய போல்ட்டுகளை நம்ப வேண்டாம், துருப்பிடிக்காத எஃகில் புதிதாகத் துளையிட்டுப் பொருத்த வேண்டும்.

முகப்பில் மழித்து வைத்திருக்கும் அந்தக் கட்டத்தில், போர்களின் பெயரும் தேதியும் வரவேண்டிய இடத்தில், உங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் வரும் கிழமைகளையும் நேரத்தையும் கன்னடம் முதலாக மூன்று மொழிகளில் பொறித்துவிடுங்கள். கல்லில் வெட்ட வேண்டாம். பித்தளைத் தகட்டில் எழுதி நான்கு திருகாணிகளால் பொருத்தினால் போதும். கோடையில் நேரத்தை மாற்றுவார்கள்.